ஏழுமடை மண்டபத்தில் இருபத்து மூன்று கல்யாணங்கள்

ஏழுமடையில் கல்யாண மண்டபம் ஒன்றே ஒன்றுதான், அந்த மண்டபத்தில் ஏசி உள்ள அறை ஒன்றே ஒன்றுதான், அது மாப்பிள்ளை அறை, அந்த அறைக்கு மாப்பிள்ளைகள் வருவார்கள் போவார்கள், ஆனால் வருஷம் முழுக்க அங்கேயே குடியிருந்தது பாலிடெக்னிக்கின் சர்வர் பெட்டி. மண்டபமும் பாலிடெக்னிக்கும் ஒரே டிரஸ்டுக்குச் சொந்தம். ஓர் ஐப்பசி மழையில் பாலிடெக்னிக்கின் சர்வர் அறைக் கூரை பெயர்ந்து விழுந்தபோது, "நம்மகிட்ட ஏசி வேற எங்க இருக்கு?" என்று தாளாளர் கேட்டார், கேட்டுவிட்டு அவரே மண்டபத்தை நினைத்துக்கொண்டார், பெட்டி ஒரு குட்டி யானை வண்டியில் ஏறி வந்து இறங்கியது, பெட்டிக்குப் பின்னாலேயே குழல்மொழியும் வந்து இறங்கினாள்.

குழல்மொழிக்கு முப்பத்தெட்டு வயது. அவள் வேலைக்கு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர், ஊர் அதைச் சுருக்கி சிஸ்டம் மேடம் ஆக்கியிருந்தது. இருந்தது ஒரு பெட்டி, ஆனால் அதற்குள்ளே பதினோரு மெய்நிகர் கம்ப்யூட்டர்கள் ஓடின, தேர்வுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, விடுதிச் சாப்பாட்டுக்கு ஒன்று என்று பதினொன்றும் பதினோரு வேலை பார்த்தன, ஒவ்வொன்றும் பெட்டி மொத்தமும் தனக்கே சொந்தம் என்று நம்பியது, பக்கத்தில் இன்னொன்று மூச்சு விடுவது எதற்கும் தெரியாது. அப்படி நம்பவைப்பதற்குத்தான் குழல்மொழிக்குச் சம்பளம். பெட்டியின் மூளையைக் கண்ணிமைக்கும் நேரம் இதற்கு, அடுத்த கண்ணிமைப்பு அதற்கு என்று பங்கு வைப்பதில்தான் சூட்சுமம் இருந்தது. உள்ளே ஓடும் கம்ப்யூட்டருக்கு அந்தத் தொழிலில் விருந்தாளி என்றே பெயர். இதற்கு வேண்டிய லினக்ஸ், கேவிஎம் என்ற மென்பொருள்களை அவள் கடையில் வாங்கவில்லை. அவை உலகத்தின் எந்தெந்த மூலையிலோ யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருத்திக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தவை.

"அப்ப நம்ம தளவாய் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் மண்டப மேனேஜர் கோமதிநாயகம்.

தளவாய் மண்டபத்துச் சமையல்காரர். தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக் குழம்புக்கு எத்தனை தேங்காய், இஞ்சிச் சாறு எப்போது, அவியலில் தயிரா மாங்காயா என்று யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். ஸ்டேஷன் ஏட்டையா கேட்டார், சொன்னார். லைப்ரரி ஐயா கேட்டார், சொன்னார். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஒரு சீட்டில் எழுதியே வாங்கிப் போனார். "சொன்னா கொறஞ்சா போயிரும்?" என்பார் தளவாய். அவர் சொன்ன கணக்கில் ஊரில் எல்லா வீட்டிலும் சொதி வைத்தார்கள், அப்படியும் கல்யாணம் என்றால் தளவாயைத்தான் தேடினார்கள்.

கோமதிநாயகத்துக்கு எல்லா வார்த்தையும் வரும், 'இல்லை' என்ற வார்த்தை மட்டும் வராது. நாக்கு அந்த இடத்துக்கு வந்ததும் வழுக்கி "பாத்துக்கிடலாம்" என்று விழுந்துவிடும். அப்படி விழுந்து விழுந்து ஒரு வைகாசி முகூர்த்தத்தில், ஒரே நாள் ஒரே நேரத்துக்கு இரண்டு கல்யாணத்துக்கு மண்டபத்தைக் கொடுத்துவிட்டார். காலை ஆறு மணிக்கு வாசலில் இரண்டு பெண்வீட்டார் நின்றார்கள், இரண்டு மேளம் நின்றது, ஒரே தூணில் கட்ட இரண்டு ஜோடி வாழைமரம் வந்து நின்றது. கோமதிநாயகம் மாப்பிள்ளை அறைக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"மேடம், அந்தப் பெட்டிக்குள்ள பதினோரு பேரைக் குடிவச்சிருக்கியள். ஒருத்தருக்கொருத்தர் ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா? எனக்கு ரெண்டே ரெண்டு கல்யாணம். கொஞ்சம் பாத்துச் செய்யக் கூடாதா?"

"அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர். அது கல்யாணம்."

"ரெண்டுலயும் விருந்தாளிதானே?"

குழல்மொழிக்கு அன்றைக்குத் தேர்வு முடிவு ஏற்றுகிற அவசரம். இந்த மனிதர் அறையைவிட்டுப் போனால் போதும் என்று புதிதாக இரண்டு விருந்தாளிகளை உண்டாக்கினாள், ஒன்றுக்குக் கல்யாணம்-1 என்றும் இன்னொன்றுக்குக் கல்யாணம்-2 என்றும் பெயர் வைத்தாள், எத்தனை பேர் வருவார்கள், எத்தனை நாற்காலி, எத்தனை பந்தி என்று கேட்டுக் கேட்டுத் தட்டினாள், கடைசியில் 'தொடங்கு' என்று கட்டளை கொடுத்துவிட்டு, "ஆச்சு, போங்க" என்றாள்.

ஆகியிருந்தது. இரண்டு கூட்டமும் ஒரே வாசலில் நுழைந்து, ஒரே படியேறி, இரண்டு மண்டபத்துக்குள் போயின. ஒன்றில் மல்லிகைப் பந்தல், இன்னொன்றில் காகிதப் பூ. ஒன்றில் மாப்பிள்ளை நெட்டை, இன்னொன்றில் குட்டை. இரண்டு தாலியும் ஒரே மணவறையில் ஒரே நிமிஷத்தில் ஏறின, நெட்டையின் கை குட்டையின் கையில் இடிக்கவில்லை. சாயங்காலம் இரண்டு வீட்டாரும் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது இரண்டு பேரும் சொன்ன குறை ஒன்றுதான். குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது.

ஏழுமடை இதைப் பற்றி ஒரு வாரம் பேசியது, இரண்டாவது வாரம் பழகிக்கொண்டது, மூன்றாவது வாரம் இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்றது. பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவுவதோடு கல்யாணத்தின் எண்ணையும் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். கையில் எந்தப் பத்திரிகை இருக்கிறதோ அந்தக் கல்யாணத்துக்குள்தான் படி கொண்டுபோய் விடும். பத்திரிகையே இல்லாமல் சாப்பிட மட்டும் வருகிறவர்கள், கூட்டம் குறைவான கல்யாணத்தில் போய் விழுவார்கள், சொந்தபந்தம் கம்மியான வீட்டுக்காரர்கள் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இருபது வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவர் ஒரே முகூர்த்தத்தில் ஒரே மண்டபத்தில் தத்தம் மகளுக்குக் கல்யாணம் முடித்து, அப்போதும் பேசிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு நிலையை அப்படியே பிடித்துவைத்து, வேண்டும்போது அங்கே திரும்பிப் போகிற வசதியும் உண்டு என்று எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. போட்டோவில் கண்ணை மூடிவிட்ட ஒரு மாப்பிள்ளையின் தாயார் குழல்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, தாலி கட்டுததுக்கு முந்தி ஒருக்கா போயிட்டு வந்திரலாமா?" என்று கெஞ்சினாள். போனார்கள். மாப்பிள்ளை மறுபடியும் கண்ணை மூடினான். நாலு தடவை போனார்கள். போனது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை, ஆனால் மாப்பிள்ளையின் விரல்களுக்கு மட்டும் ஏதோ பழகிவிட்டது, ஐந்தாவது தடவை அவன் மூன்று முடிச்சையும் பார்க்காமலேயே போட்டான். ஐயர் அவனை மேலும் கீழும் பார்த்து, "தம்பிக்கு இதுதான் முதல் கல்யாணமா?" என்று கேட்டார்.

இதைக் கேள்விப்பட்டு நகரத்திலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒரு விற்பனையாளர் வந்தார். ஓசி மென்பொருளை நம்பி இவ்வளவு பெரிய காரியம் நடத்தலாமா என்று பெண்களைக் கூட்டிவைத்துப் பேசினார். தங்கள் கம்பெனி மென்பொருளுக்கு லைசென்ஸ் உண்டு, அதில் ஓடும் ஒவ்வொரு கல்யாணத்தையும் வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டால் போதும் என்றார்.

"புதுப்பிக்காட்டி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அத்தோட நின்னுரும் மேடம். வேலை செய்யாது."

ஏழெட்டுப் பெண்கள் அவருடைய கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஆனால் ஆண்கள் ஒன்றுகூடி அவரை மூன்று மணி பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார்கள்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போனது, தளவாயைத் தவிர.

பெட்டிக்குள்ளே பங்கு வைக்க மூளை இருப்பதுபோல, மண்டபத்தில் பங்கு வைக்க அடுப்படி ஒன்றுதான், அடுப்படிக்குத் தளவாய் ஒருவர்தான். இரண்டு கல்யாணம் நடந்தால் அவர் இரண்டிலும் இருந்தார், இதில் ஒரு கிண்டு, அதில் ஒரு கிண்டு. நாலு நடந்தால் நாலிலும் இருந்தார். வேலை பிசகவில்லை, ருசி குறையவில்லை. ஆனால் ஆறு ஏழு என்று ஏறியபோது அவர் கெட்டுப்போன ஸ்டார்ட்டர் போட்ட டியூப்லைட் மாதிரி விட்டு விட்டுத் தெரிய ஆரம்பித்தார். ஒரு கல்யாணத்தில் கேட்ட கேள்விக்கு இன்னொரு கல்யாணத்தில் பதில் சொன்னார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "ரெண்டாம் பந்திக்கு நூத்தம்பது இலை" என்றார். அந்த அம்மா ஒரு தட்டை எடுத்து வைத்து, "முதல் பந்தி நீங்க உக்காருங்க" என்றாள்.

குழல்மொழி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கோமதிநாயகத்திடம் கண்டிப்பாகச் சொன்னாள். "அண்ணாச்சி, பன்னெண்டு. அதுக்கு மேல ஒண்ணு கூடத் தாங்காது. பெட்டியும் தாங்காது, தளவாய் அண்ணாச்சியும் தாங்க மாட்டாவ."

"பன்னெண்டு" என்று கோமதிநாயகம் சத்தியம் செய்தார்.

ஆடி முடிந்து ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு அவர் இருபத்திரண்டு பேருக்குப் 'பாத்துக்கிடலாம்' சொல்லியிருந்தார். அதற்கும் பிறகு ஒருநாள் தளவாய் அவருடைய மேசைக்கு எதிரே வந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மகள் வடிவுக்கும் டவுன் பஸ் கண்டக்டர் மாரித்துரைக்கும் அதே நாளில்தான் நாள் குறித்திருந்தார்கள். ஆயிரம் கல்யாணத்துக்கு ஆக்கிப்போட்ட மனிதர் முதல் தடவையாக மண்டபம் கேட்டு வந்திருக்கிறார். கோமதிநாயகத்தின் கண் கலங்கிவிட்டது. இருபத்து மூன்று.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்குக் குழல்மொழி திரையைத் திறந்தபோதுதான் எண்ணிக்கையைப் பார்த்தாள். இதற்குள் இருபத்து மூன்று கூட்டமும் உள்ளே வந்தாயிற்று, இருபத்து மூன்று மேளமும் சுருதி கூட்டியாயிற்று. முகூர்த்தம் எல்லாருக்கும் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அவள் கோமதிநாயகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த ஒரே மாப்பிள்ளை அறையில் அப்போது இருபத்து மூன்று மாப்பிள்ளைகள் இருந்தார்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாது, எல்லாருக்கும் பட்டுவேட்டி, எல்லாருக்கும் வேர்வை, எல்லார் கையிலும் அதே ஒரு ஏசி ரிமோட். ஒருவன் பதினாறு வைத்தான், ஒருவன் இருபத்தெட்டு வைத்தான், ஒருவன் பதற்றத்தில் எல்லாப் பொத்தானையும் அழுத்தினான். ஏசி யார் சொல்வதைத்தான் கேட்கும்? எட்டே முக்காலுக்கு ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது.

பெட்டி சூடாகத் தொடங்கியது. அதே நேரம் அடுப்படியில் தளவாய்க்குக் காய்ச்சல் ஏறியது. தொட்டுப் பார்த்த கோமதிநாயகம் விரலை உதறினார், நெற்றி தோசைக்கல்லாக இருந்தது. "எண்ணெய் காஞ்சிருச்சா பாரு, எண்ணெய் காஞ்சிருச்சா பாரு" என்று இருபத்து மூன்று தடவை சொன்னார் தளவாய்.

குழல்மொழி வடிவின் பத்திரிகையை எடுத்துக்கொண்டு படியேறினாள். மணவறையில் ஐயர், "பொண்ணோட தோப்பனார் வாங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தளவாய் வந்தார், மறைந்தார், வந்தார், கரண்டியோடு வந்தார், கரண்டி மட்டும் வந்தது. வடிவு கூரைப்புடவைக்குள் உட்கார்ந்து அப்பாவைப் பிடிக்கக் கையை நீட்டினாள், கை காற்றில் போய் வந்தது.

"யப்பா, ஒரு நிமிசம் நில்லுங்கப்பா."

"நிக்கத்தான் செய்யேன் தாயி" என்றது தளவாயின் குரல், துண்டு துண்டாக. "நீதான் விட்டு விட்டுத் தெரியுத."

குழல்மொழி கீழே ஓடினாள். அவளுக்குக் கோமதிநாயகத்தை ஏதாவது கனமான பொருளால் அடிக்க வேண்டும் போல இருந்தது, பக்கத்தில் இருந்தது சந்தனக் கும்பா மட்டும்தான். முதலில் வடிவின் கல்யாணத்துக்கு 'அப்படியே நில்' என்று கட்டளை கொடுத்தாள். அங்கே எல்லாம் நின்றது, விளக்கின் சுடர் நின்றது, எறிந்த பூ பாதி வழியில் நின்றது, ஒரு சித்தப்பாவின் கொட்டாவி திறந்தபடி நின்றது. அப்போது உள்ளே மணி எட்டு ஐம்பத்திரண்டு.

பிறகு பாலிடெக்னிக்கின் பதினொன்றையும் படுக்கவைத்தாள். மிச்சம் இருபத்திரண்டு கல்யாணம். அவற்றை நிறுத்த முடியாது, முகூர்த்தம் போய்விடும். நடக்க நடக்கவே தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஓடுகிற விருந்தாளியை ஓட்டம் நிற்காமல் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றும் வழி அவளுக்குத் தெரியும், பெட்டிக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. யோசித்துப் பார்த்தால் ஊர் முழுக்க இருந்தது. பழசாகிவிட்டது, தூக்கிப் போடப் போகிறோம் என்று எந்த ஆபீஸில் சொன்னாலும் அவள் போய் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள், பத்து வருஷமாக அதுதான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை.

பாலிடெக்னிக் லேபுக்குப் பன்னிரண்டு கல்யாணம் போயின. போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு. தபாலாபீஸுக்கு இரண்டு, லைப்ரரிக்கு இரண்டு, பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸுக்கு இரண்டு, மாட்டாஸ்பத்திரிக்கு இரண்டு. உள்ளே இருந்தவர்களுக்குப் பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு கல்யாணம் எங்கே போகிறதோ, அங்கே யார் இருக்கிறாரோ அவர்தான் அதற்குச் சமையல்காரர். ஸ்டேஷனில் வழக்கு எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா நிமிர்ந்து பார்த்தபோது கையில் பேனாவுக்குப் பதில் கரண்டி இருந்தது. அவருக்கு ஒன்றும் புதிதில்லை, தளவாய் சொன்ன அவியல் மனப்பாடம். "யாருக்கு அவியல் வேணும்?" என்று பந்தியின் நடுவில் நின்று அவர் வழக்கமான குரலில் கேட்டார், அத்தனை பேரும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். லைப்ரரி ஐயா இலை போடும்போதே, "ஓரத்தை மடக்காதீங்க, கிறுக்காதீங்க" என்று சொல்லி வைத்தார். தபாலாபீஸில் ஒவ்வொரு லட்டிலும் முத்திரை விழுந்தது. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து ஒட்டிவைத்து, சொதி வைத்து, பாயசமும் வைத்தார், ஆனால் பாயசம் ஊற்றும் முன் ஒவ்வொருவரிடமும் எடை எவ்வளவு என்று கேட்டு அதற்குத் தகுந்தபடிதான் ஊற்றினார். பருமனானவர்கள் அன்றைக்கு அவரை வாழ்த்தினார்கள்.

ஒவ்வொன்றாக இறங்க இறங்கப் பெட்டி குளிர்ந்தது. கோமதிநாயகம் அடுப்படிக்கும் அறைக்கும் ஓடி ஓடிச் சொன்னார். "மேடம், காய்ச்சல் கொறையுது." "மேடம், இப்ப முழுசாத் தெரியுதாவ, காது மட்டும் கொஞ்சம் மங்கல்." "மேடம், காதும் வந்துட்டு."

இருபத்திரண்டாவதும் போய்ச் சேர்ந்தபோது சுவரில் மணி பத்து ஐம்பத்தைந்து. முகூர்த்தம் முடிந்து இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

நிறுத்திவைத்த விருந்தாளிக்கு ஒரு குணம் உண்டு. எழுந்ததும் வெளியே எட்டிப் பார்த்து மணி என்ன என்று கேட்கும், கேட்டு, தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். வடிவின் கல்யாணம் எழுந்து மணி கேட்டால், ஐயர் பஞ்சாங்கத்தை மூடிவிடுவார். குழல்மொழி அந்தக் கல்யாணம் வெளியே மணி கேட்கப் போகும் வழியை அடைத்தாள், அதற்குள் இருக்கும் எல்லாச் செல்போனுக்கும் சிக்னலை அடைத்தாள், கோமதிநாயகத்தின் வாட்சைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள், 'தொடர்' என்று தட்டினாள். சித்தப்பாவின் கொட்டாவி மூடியது, பாதி வழியில் நின்ற பூ வடிவின் தலையில் விழுந்தது.

தளவாய் முழுசாக வந்து மணவறையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு எழப் பார்த்தார். "அடுப்புல சொதி கிடக்கு."

"அப்பா!" என்றாள் வடிவு.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார் கோமதிநாயகம். அவருக்கு அதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாது. அவரும் குழல்மொழியும் அடுப்படிக்குப் போனார்கள். அவர் வெந்நீர்கூட வைத்ததில்லை. குழல்மொழி வீட்டில் சமையல் அவள் கணவர். இரண்டு பேரும் நாலு அண்டாவைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, மணவறையிலிருந்து, மந்திரத்துக்கும் மந்திரத்துக்கும் நடுவில், தளவாயின் குரல் வந்தது.

"ரெண்டாம் பால் மொதல்ல ஊத்துங்க! தலைப்பாலைக் கொதிக்க விட்டுறாதீய!"

கோமதிநாயகம் ஊற்றினார்.

"இஞ்சிச் சாறு கடைசியில!"

"இஞ்சிச் சாறு கடைசியில" என்று ஐயரும் ராகத்தோடு சொல்ல, மாரித்துரை அதையும் பயபக்தியோடு திருப்பிச் சொன்னான்.

கொட்டாவிச் சித்தப்பா ஒருவருக்குத்தான் ஏதோ பொருந்தவில்லை. மாப்பிள்ளை வீட்டில் நேரம் காலம் பார்க்கிறவர் அவர்தான். வெயில் அதற்குள் ஜன்னலோரத்துக்கு ஒதுங்கிவிட்டதே என்று பார்த்தார், போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார், நேராக அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"மேடம், மணி என்னாகுது?"

குழல்மொழி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. தேர்வு முடிவைத் திருத்தச் சொல்லித் தாளாளரே கேட்டபோதும் அவள் முடியாது என்றவள்.

"இந்தக் கல்யாணத்துக்கு மணி ஒம்பது இருபது" என்றாள்.

சித்தப்பா அந்த வாக்கியத்தை ஒரு தடவை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். அவர் கண் மணவறைக்குப் போனது. அங்கே தளவாய் மகளின் கையைப் பிடித்து மாரித்துரையின் கையில் வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார், ஐயர் இரண்டு தடவை இருமியும் எடுக்கவில்லை.

"ஒம்பது இருபதுன்னா நல்ல நேரம்தான்" என்றார் சித்தப்பா. போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பது இருபத்தேழுக்குத் தாலி ஏறியது. வெளியே அப்போது பதினொன்றரை. முதல் பந்தியில் முதல் இலை தளவாய்க்கு. அவர் ஒரு வாய் சொதியை நாக்கில் வைத்தார். கோமதிநாயகமும் குழல்மொழியும் எதிரே பரீட்சை எழுதிய பிள்ளைகளாக நின்றார்கள். தேங்காய்ப்பால் திரிந்திருந்தது, உப்பு இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். தளவாய் மென்று விழுங்கினார், தலையை மேலும் கீழும் ஆட்டினார், இலையின் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி மறுபடியும் ஊற்றச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஊர் கூடிப் பேசி, பன்னிரண்டு என்று ஒரு பலகையில் எழுதி மண்டப வாசலில் மாட்டியது. கோமதிநாயகத்தால் இல்லை என்று சொல்ல முடியாததால், கேட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பலகையைக் கையால் காட்டுவதற்கு அவருக்கு அனுமதி கொடுத்தார்கள். மிச்சம் விழுகிற கல்யாணங்கள் ஸ்டேஷனுக்குப் போயின. ஏட்டையாவின் அவியல் நாலு ஊருக்குத் தெரிந்துவிட்டதால், முதலிலேயே ஸ்டேஷன் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. மாட்டாஸ்பத்திரிக்குப் போன இரண்டில் ஒன்றை முடித்துவைக்கக் குழல்மொழி மறந்துபோனாள், நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அது இன்னும் நடந்துகொண்டிருந்தது, பதினேழாவது பந்தி. யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

வடிவின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, தங்கள் வீட்டுக் கடிகாரத்தோடு ஒத்துப்போய்விட்டார்கள். வடிவுக்கும் மாரித்துரைக்கும் அப்படி ஆகவில்லை. அவர்கள் புது வீடு போனார்கள், புது வீட்டுச் சுவரில் மாட்ட அவர்களிடம் இருந்ததெல்லாம் கல்யாணத்தில் பரிசாக வந்த ஏழு சுவர்க்கடிகாரம், ஏழும் அந்தக் கல்யாணத்தின் மணியைத்தான் காட்டின. அந்த வீடு ஊருக்கு இரண்டு மணி நேரம் பின்னால் ஓடியது. அங்கே பால் காய்ச்சும்போது ஊர் ஆபீஸுக்குப் போய்விட்டிருந்தது, அங்கே விளக்கேற்றும்போது ஊர் சாப்பிட்டு முடித்திருந்தது. மாரித்துரையின் எட்டு மணி பஸ் பத்து மணிக்குப் புறப்பட்டது. முதல் வாரம் முணுமுணுத்த ஊர், எட்டு மணி பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கு எட்டு மணி பஸ் ஒன்று இருப்பது எவ்வளவு வசதி என்று இரண்டாவது வாரம் கண்டுகொண்டது.

ஆனாலும் குழல்மொழிக்கு மனசு உறுத்தியது. அது அவள் அடைத்த வழி, அவள்தான் திறக்க வேண்டும். ஒரே ஒரு கட்டளை போதும், இரண்டு மணி நேரமும் ஒரு நொடியில் சரியாகிவிடும். புரட்டாசியில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு, மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் அவர்கள் வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் தளவாயின் செருப்பு கிடந்தது. ஊருக்கு ஆக்கிப்போடப் போகிற மனிதர் முப்பது வருஷமாகக் காலைப் பலகாரம் சாப்பிட்டதில்லை, அந்த நேரத்தில் எல்லாம் அவர் இன்னொருவர் வீட்டு வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கும் விடியுமுன் போய் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சமைத்து முடித்து, பாத்திரம் ஒதுக்கி, குளித்து, பன்னிரண்டு மணிக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தார். உள்ளே காலை வெயில் அடுக்களையில் சாய்ந்து விழுந்தது, ஏழு கடிகாரமும் பத்து காட்டின. தளவாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இட்லிப் பானையிலிருந்து ஆவி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா" என்றாள் வடிவு. தோளில் இருந்த பையைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, அது இப்ப அவசரமா?"

குழல்மொழி தளவாயைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, முதல் ஈடு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரம்னு ஒண்ணுமில்ல" என்றாள்.

"அப்ப உக்காருங்க. சட்னி தாளிக்கத்தான் பாக்கி."

குழல்மொழி பையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஆனால் அந்த வீட்டில் மணி பத்துதான் என்பதால், தளவாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டாள்.